கிழமைக்கு ஒரு பாடவேளை தாங்கோ

வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கு,
துணுக்காய் கல்வி வலயம்.

வணக்கம் ஐயா,

நான் மல்லாவிப் பக்கம் இருக்கிற ஒரு தாய். பள்ளிக்கூடத்தில பெரிய வகுப்புப் பிள்ளையள் சின்ன வகுப்புப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுக்கக் கிழமைக்கு ஒரு பாடவேளை கேட்டுத்தான் இதை எழுதிறன். என்ர மகன் தரம் 8, கடைசி வாங்கில இருக்கிற பிள்ளை. கணிதப் பாடம் எண்டா வயித்துக்குத்து எண்டு சொல்லி வீட்டில நிண்டிடுவான். ரீச்சர் நல்லவ, ஆனா ஒரு பாடவேளைக்குள்ள எல்லாரையும் பாக்க அவவால ஏலாது, இவனுக்கு எழும்பிக் கேக்கவும் வெக்கம், ரியூசனுக்கு விட எங்களிட்ட காசும் இல்லை.

போன தவணை லீவில பக்கத்து ஒழுங்கைப் பிள்ளை, தரம் 10 படிக்கிறவ, எங்கட வீட்டை வந்து சொல்லிக் குடுத்தா. அரையோட மூண்டிலொண்டைக் கூட்டி இவன் ஐஞ்சில ரெண்டு எண்டு எழுதியிருந்தான். அவ பிழை எண்டு சொல்லேல்லை, ஒரு ரொட்டியைப் பிச்சு வச்சு, அரை ரொட்டியோட இன்னும் கொஞ்சம் சேத்தா அரையை விடக் குறையுமோடா எண்டு கேட்டா. தானே யோசிச்சு, ஐஞ்சில ரெண்டு அரையை விடக் குறைவெல்லோ அக்கா எண்டான். அண்டைக்கு நான் குசினிக்குள்ள நிண்டு அழுதுபோட்டன் ஐயா. சொல்லிக் குடுக்கேக்கதான் தனக்கே வடிவா விளங்கினது எண்டு அந்தப் பிள்ளையும் சொன்னவ.

பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக் குடுக்கிறது புதுசா வந்த விசயம் இல்லை. திண்ணைப் பள்ளிக்கூடத்தில சட்டாம்பிள்ளை சின்னனுகளுக்குச் சொல்லிக் குடுத்ததுதானே. சென்னையில இருந்த ஆண்ட்ரூ பெல் எண்ட வெள்ளைக்காரர் இதை 1797ல லண்டன்ல புத்தகமா எழுதினவர், அங்க அதுக்கு மெட்ராஸ் முறை எண்டே பேர்.

எங்கட அதிபரிட்டக் கேட்டனாங்கள். அவருக்கும் விருப்பம்தான், ஆனா வலயத்தில இருந்து கடிதம் வராம நேரசூசியில கை வைக்கேலாதாம். பள்ளிக்கூடம் விட்ட பிறகு வைப்பம் எண்டா தூரத்துப் பிள்ளையளுக்குப் பஸ் போயிடும். அதால கிழமைக்கு ஒரு பாடவேளை பெரிய வகுப்புப் பிள்ளையளைச் சின்ன வகுப்புப் பிள்ளையளோட சோடி சேத்து இருத்த எழுத்தில அனுமதி தாங்கோ. ஒரு ஆசிரியர் கூட நிக்கவேணும், சொல்லிக் குடுக்கிற பிள்ளை மற்றப் பிள்ளையை ஏசவோ அடிக்கவோ விடக்கூடாது, சோடி சரிவராட்டி மாத்தவேணும். இடையில வேற பள்ளிக்கூடத்தில இருந்து வந்து சேருற பிள்ளைக்கும் முதல் மாசம் ஒரு கூட்டாளியை விட்டா தனிய நிக்காது. ஓஎல் சோதினையில கணிதம் பெயில் எண்டா உயர்தரம் போறது எவ்வளவு கஷ்டம் எண்டு உங்களுக்குத் தெரியும் ஐயா, தரம் 11ல வந்து ஓடித்திரியாம இப்பவே தொடங்க விடுங்கோ.

அடுத்த தவணை தொடங்க முதல் அந்தக் கடிதத்தை அனுப்பிவிடுங்கோ ஐயா.

இப்படிக்கு,
தரம் 8 மாணவனின் தாய்,
மல்லாவி.