வீட்டைவிட்டுப் படிக்க வந்த பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில் படிக்கிற பிள்ளைகளுக்கு அறை கொடுத்து வருகிறேன். யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, ஹற்றன் என்று எங்கிருந்தெல்லாமோ வருவார்கள். போன வருடம் வந்த ஒரு பிள்ளை முதல் மாதம் வாய் ஓயாமல் கதைத்தாள். பின்னேரம் கடற்கரைக்குப் போவாள். சிங்களம் பழக வேண்டும் என்று கடைக்காரரிடம் தானே பேச்சுக் கொடுப்பாள். ஆங்கில மூல விரிவுரை, சோதனை, செலவு எல்லாம் சேர்ந்து நெருக்கத் தொடங்கியதும் இவை ஒவ்வொன்றாக நின்றன. புள்ளிகள் குறையவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை. இரவில் அம்மா எடுத்தால் "சாப்பிட்டேன், சுகமாக இருக்கிறேன்" என்பாள். சோற்றுப் பார்சல் பிரிக்கப்படாமலே கிடக்கும்.

மன அழுத்தம் நீண்டால் நித்திரையும் ஞாபகமும் கெடும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு: புது மனிதர், புது மொழி என்று விரிய வேண்டிய வயதில் பிள்ளை சுருங்கிப்போகிறது. சோதனைக்கு முன் கொஞ்சம் பதற்றம், சரி, அது எழுப்பிவிடும். மாதக்கணக்கில் விடாத பதற்றம் அப்படியில்லை.

தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எந்நேரமும் கதைக்கலாம். பல பிள்ளைகளுக்கு இது தெரியாது. வளாகங்களில் தமிழில் கதைக்கும் உளவளத்துணையாளர்களும் வேண்டும். சொந்த மொழியில் அழ முடியாத இடத்தில் மனதை எப்படித் திறப்பது?

பெற்றோரே, "எத்தனை புள்ளி?" என்பதற்கு முன் "இன்று யாரோடு கதைத்தாய்?" என்று கேளுங்கள். வாடகை வாங்கும்போது நானும் இப்போது அதைத்தான் கேட்கிறேன்.

வாசகி,
வெள்ளவத்தை, கொழும்பு 6