கீழவாசலில் வாசல் எங்கே?

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

"கீழவாசலில் வாசலே இல்லையே, தாத்தா?" என்று பேரன் போனில் கேட்டான். இரண்டு வார்த்தையில் சொல்லி முடிகிற சங்கதியா அது! இதை அவனுக்குப் படித்துக் காட்டு.

நம் தஞ்சாவூர் ஒரு காலத்தில் கோட்டைக்குள் அடங்கிய ஊர். கோட்டையைக் கட்டியவர்கள் நாயக்க மன்னர்கள். சுற்றிலும் அகழி. கிழக்கு வாசல் இருந்த இடம் கீழவாசல். மதிலுக்கு அலங்கம் என்று பெயர். மதிலின் பெரும்பகுதி இன்று இல்லை. ஆனால் கீழ அலங்கம், வடக்கு அலங்கம், மேல அலங்கம் என்று நீ சைக்கிளில் சுற்றிய தெருக்கள் அது ஓடிய வழியை அப்படியே சொல்கின்றன. உள்ளே நான்கு ராஜவீதிகள். 2015-இல் பெரிய கோயில் தேர் நெடுங்காலத்துக்குப் பின் மறுபடியும் ஓடியதே, அந்த வீதிகளில்தான்.

கீழவாசல் பக்கம் பீரங்கி மேடு. அங்கே கிடப்பது ரகுநாத நாயக்கர் காலத்து ராஜகோபால பீரங்கி. ஏறக்குறைய 26 அடி நீளம். வார்த்தது அல்ல. நீள நீளமான இரும்புப் பட்டைகளைச் சேர்த்து, மேலே வளையம் வளையமாக மாட்டி, காய்ச்சி அடித்துச் செய்தது. உள்ளங்கையால் தடவினால் ஒவ்வொரு வளையத்தின் விளிம்பும் தட்டுப்படும். அந்தக் கொல்லர்களின் பெயர் எந்தத் தெருவுக்கும் வைக்கப்படவில்லையே என்று எனக்கு ஆற்றாமை உண்டு.

வடக்கே கரந்தை. தேவாரத்தில் கருந்திட்டைக்குடி, பேச்சில் கரந்தட்டாங்குடி ஆகி, கரந்தை ஆனது. 1911-இல் தொடங்கிய தமிழ்ச் சங்கத்தால் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்த பெயர். தெற்கே ஓடும் கல்லணைக் கால்வாய், 1934-இல் தண்ணீர் வந்ததிலிருந்து நமக்குப் புது ஆறுதான்.

கோட்டைக்கு வெளியே மானம்புச்சாவடி. அது மகர்நோன்புச்சாவடி, நவராத்திரி முடிந்து அம்பு விடும் மகர்நோன்பு விழாவின் பெயர். தியாகராஜ சுவாமிகளின் சீடர் வெங்கடசுப்பையர் இந்தப் பேட்டையின் பெயரோடுதான் சங்கீத உலகில் அறியப்படுகிறார். இப்போது பெயர்ப்பலகைகளில் 'எம்.சாவடி' என்று சுருக்கிவிடுகிறார்கள். ஓர் எழுத்துக்குள் விழாவும் போயிற்று, வித்வானும் போனார். எனக்குப் பொறுக்கவில்லை அம்மா.

பள்ளிக் கட்டுரையில் அவனை முழுப்பெயராகவே எழுதச் சொல். அரையாண்டு விடுமுறைக்கு அழைத்து வா. அலங்கம் முழுவதையும் நடத்தியே காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா