அந்தக் கிளிப்பைத் தனியாகக் கொடுங்கள்

கார் தயாரிக்கும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். என் காருக்கு 18 வயது. இரண்டரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. இன்னும் சாவியைத் திருப்பினால் உடனே ஸ்டார்ட் ஆகிறது. அதை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆனால் நீங்கள் மாற்ற வைத்துவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது.

போன மாதம் ஓட்டுநர் பக்க ஜன்னல் கண்ணாடி தொப்பென்று கதவுக்குள் விழுந்துவிட்டது. மெக்கானிக் கதவைப் பிரித்துக் காட்டினார். கண்ணாடியை ஏற்றி இறக்கும் மோட்டார் நன்றாக இருந்தது, கேபிளும் அப்படியே இருந்தது. கண்ணாடியைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கிளிப் மட்டும் இரண்டாக உடைந்து கிடந்தது. கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். அது தனியாக வராதாம், மோட்டாரோடு முழு செட்டாகத்தான் வருமாம். அந்த செட்டையும் இப்போது தயாரிப்பதில்லையாம். கடைசியில், உடைக்கப் போன வேறொரு காரிலிருந்து எடுத்து மாட்டினோம்.

வண்டிக்கு வயதானால் ரப்பர் இறுகும், மூட்டுகளில் இருக்கும் புஷ் தேயும், ரேடியேட்டர் ஹோஸ் உப்பும். அதற்கெல்லாம் உங்களைக் குறை சொல்லவில்லை. ஆயிலை நேரத்துக்கு மாற்றுகிறேன். டைமிங் பெல்ட்டைக் கெடு தாண்ட விடுவதில்லை. பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் 2 வருடத்துக்கு ஒருமுறை அதையும் மாற்றிவிடுகிறேன். என் பங்கை நான் செய்கிறேன்.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்பவர் 1966-ல் வாங்கிய வால்வோ பி1800 காரில் 2013-ல் 30 லட்சம் மைலைத் தொட்டார். இடையில் எஞ்சினைப் பிரித்துக் கட்ட வேண்டியிருந்தது. பிரித்துக் கட்டவும் முடிந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் ஒரு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியை மாற்றினால்கூட, உங்கள் மென்பொருள் சம்மதித்தால்தான் வண்டி அதை ஏற்கிறது. மெக்கானிக்கின் கைத்திறமை அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. 2012-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநில மக்கள் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்கும் பழுதுபார்க்கும் தகவல் கிடைக்க வேண்டும் என்று வாக்களித்தது இந்தத் தவிப்பினால்தான்.

புதிய கார்களில் பாதுகாப்பு அதிகம், புகை குறைவு. சரி, ஒத்துக்கொள்கிறேன். அடிச்சட்டத்தைத் துரு தின்றுவிட்டால் நானே இந்த வண்டியை ஓட்ட மாட்டேன். ஆனால் ஒரு கிளிப்புக்காக ஒரு டன்னுக்கு மேல் இரும்பையும் அலுமினியத்தையும் கண்ணாடியையும் கழித்துக் கட்டச் சொன்னால் மனசு ஒப்பவில்லை.

அதனால் கேட்கிறேன். சின்னப் பாகங்களைத் தனியாக விற்பனைக்குக் கொடுங்கள். கியர் ஆயில் வாழ்நாளுக்கும் போதும் என்று எழுதினால், அந்த வாழ்நாள் எத்தனை கிலோமீட்டர் என்பதையும் எழுதுங்கள். ஒரு பாகத்தைச் செய்வதை நிறுத்தினால் அதன் வரைபடத்தையாவது வெளியிடுங்கள், செய்யத் தெரிந்தவர்கள் செய்துகொள்வார்கள். எங்கள் மெக்கானிக் அந்த உடைந்த கிளிப்பைத் தூக்கிப் போடவில்லை. இரண்டு துண்டையும் ஒட்டி, அளவெடுப்பதற்காக மேசை டிராயரில் வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
பழைய காரை விட மனமில்லாத ஒருவர்