வெளியேறுவது மட்டும்தான் வழியா?

ஆசிரியருக்கு,

கத்தோலிக்கத் திருச்சபையில் நடக்கும் நிதி முறைகேடுகளையும், பாலியல் குற்றங்கள் மூடிமறைக்கப்பட்டதையும் சாடிய தங்கள் தலையங்கத்தில் குற்றச்சாட்டு எதையும் நான் மறுக்கவில்லை. மனசாட்சி உள்ளவர்கள் இனி அங்கே இருக்கக் கூடாது என்ற முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. திருத்தந்தை (போப்) பதினொன்றாம் கிரகோரி ரோமில் இல்லாமல், இன்றைய பிரான்சில் உள்ள அவிஞ்ஞோனில் தங்கியிருந்தபோது, சாயத்தொழில் செய்தவரின் மகளான சியென்னா கத்தரீன், எந்தப் பதவியும் இல்லாமலே, குருக்களின் பேராசையைக் கண்டித்தும், ரோமுக்குத் திரும்பும்படி கேட்டும் அவருக்கே கடிதம் எழுதினார். 1377-இல் திருத்தந்தை ரோமுக்குத் திரும்பினார். கத்தரீனைச் சபை மறைவல்லுநராக, அதாவது தன் போதனையின் சிறந்த ஆசிரியர்களில் ஒருவராக, அறிவித்தது 1970-இல், சரி, தாமதம்தான்! ஆனால் அவர் சபையை நேசித்ததால்தான் வாயை மூடிக்கொள்ளவில்லை.

எங்கள் பங்கில், அதாவது எங்கள் ஊர்க் கோயிலைச் சேர்ந்த சமூகத்தில், கணக்கு கேட்டவர்களைச் சபையின் எதிரிகள் என்றே முதலில் பேசினார்கள். அப்புறம் வரவுசெலவை அறிவிப்புப் பலகையில் ஒட்டத் தொடங்கியதும் காணிக்கை குறையவில்லை, கூடியது. ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்று கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டம் 537 சொல்கிறது. பல இடங்களில் அது பெயரளவில்தான் இருக்கிறது. பங்குத்தந்தைக்கு வேண்டியவர்களே உறுப்பினர்கள். எனவே அந்தக் குழுவில் பாதிப்பேரையாவது பங்கு மக்களே தேர்ந்தெடுக்கட்டும். சபையோடு தொடர்பில்லாத தணிக்கையாளர் சரிபார்த்த கணக்கை ஆண்டுதோறும் ஞாயிறு திருப்பலி முடிவில் வாசிக்க, ஆயர்கள் உத்தரவிட வேண்டும்.

- ஒரு வாசகர்