வெறும் அதிர்ச்சி வியாபாரமா?

ஆசிரியருக்கு,

ஜப்பானிய எழுத்தாளர் சயாகா முராத்தாவின் கதைகளை ‘அதிர்ச்சி வியாபாரம்’ என்று உங்கள் ஞாயிறு கட்டுரை ஒரே வரியில் தள்ளிவிட்டது. 2019இல் ஜப்பானிய மொழியில் வந்த, ஆங்கிலத்தில் ‘லைஃப் செரிமனி’ எனப்படும் அவரது சிறுகதைத் தொகுப்பில், ஒரு கதையில் ஒருத்தி மனித முடியில் பின்னிய ஸ்வெட்டரைப் பெருமையாகப் போட்டுக்கொள்கிறாள். அவளை மணக்கப்போகிறவனுக்கோ அது அறவே ஆகாது. அப்புறம் அவன் அப்பாவின் தோலில் செய்த திருமண முக்காடு வருகிறது. எனக்கும் குமட்டத்தான் செய்தது. ஆனால் ஆட்டுத்தோல் செருப்பை யோசிக்காமல் மாட்டிக்கொள்கிறோமே! தலைப்புக் கதையில் இறந்தவரைச் சமைத்துப் பரிமாறுகிறார்கள். சின்ன வயதில் மனித இறைச்சி சாப்பிட ஆசை என்று விளையாட்டாகச் சொல்லித் திட்டு வாங்கியவள்தான் கதைசொல்லி. முப்பது ஆண்டுகள் கழித்து ஊரே அதைச் சாப்பிடுகிறது.

ஒரு வாசகர், திருச்சி