ஒரு கிற்றார்தான் கொண்டுவரலாம் எண்டால்

அன்பின் மச்சான்,

உன்ர கடிதம் கிடைச்சு மூண்டு கிழமையாச்சு. பதில் பிந்தினதுக்குக் காரணம் பஞ்சி இல்லை. எந்தக் கிற்றாரைக் கொண்டு வரட்டும் எண்டு நீ கேட்ட கேள்விக்குச் சும்மா வாயால பதில் சொல்ல மனம் வரேல்லை. ரெண்டையும் கையில எடுத்து வாசிச்சுப் பாத்திட்டுத்தான் எழுத வேணும் எண்டு இருந்தனான்.

முதல் வீட்டுப் புதினம். இவவுக்கு முழங்கால் நோ இப்ப கொஞ்சம் சுகம், குசினிக்கும் கிணத்தடிக்கும் தன்பாட்டில நடக்கிறா. கறுத்தக்கொழும்பான் இந்த முறை நல்லாக் காய்ச்சுது. அணிலுக்குப் போக மிச்சத்தை அயலுக்கும் குடுத்தம். ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சேக்க உன்ர கதைதான். பிலாவிலையைக் கோலித்தான் குடிப்பன், கோப்பை வேண்டாம் எண்டு நீ அடம்பிடிக்கிறதை இவ பேத்திக்குச் சொல்லிச் சிரிச்சவ. பேத்தி எங்களோடதான் நிண்டு படிக்கிறாள். 11 வயசு. பள்ளிக்கூடத்தில பண்ணிசைக்கு அவளைத்தான் முன்னுக்கு விடுகினம். அவளைப் பற்றிப் பிறகும் சொல்லுவன், ஏனெண்டால் இந்த விசயத்தைத் தீர்த்து வைச்சதே அவள்தான்.

நீ எழுதினதை நான் நாலு தரம் வாசிச்சன். சுவரில ரெண்டு எலெக்ட்ரிக் கிற்றார் தொங்குது, ஒண்டு ஸ்ட்ராட்டோகாஸ்டர், மற்றது லெஸ் போல், தேருக்கு வரேக்க ஒண்டைக் கொண்டு வாறன், எது வேணும் சொல்லு எண்டு கேட்டிருக்கிறாய். மச்சான், 63 வயசில கைக்கு வாற கிற்றார் எனக்குக் கடைசிக் கிற்றாராத்தான் இருக்கும். அதால நல்லா யோசிச்சுத்தான் எழுதுறன்.

எங்கட முதல் எலெக்ட்ரிக் கிற்றாரை மறந்திருக்க மாட்டாய். 1990இல கரண்ட் நிண்டாப்பிறகு, நீ வெளிக்கிடுறதுக்கு முதல், பழுதாப்போன ரெலிபோன் ரிசீவர் ஒண்டைக் கழட்டினமே. மேல இருந்த மெல்லிய இரும்புத் தகட்டை எடுத்துப்போட்டு, காந்தமும் சுருளும் தந்திக்குக் கீழ வாற மாதிரி என்ர பழைய கிற்றாரின்ர வாய்க்குள்ள ரப்பர் பட்டியால கட்டினம். வயரை ரேப் ரெக்கோடரின்ர மைக் துளைக்குள்ள விட்டம். சைக்கிளைக் கவிட்டு வைச்சு நீ கையால பெடலைச் சுத்த, டைனமோவில இருந்து கரண்ட். உனக்குக் கை களைச்சால் சத்தமும் களைச்சுப் போகும். குப்பி விளக்கு வெளிச்சத்தில உன்ர நெத்தி வேர்வை மினுங்கினது இப்பவும் என்ர கண்ணுக்க நிக்குது.

நீ சுவரில தொங்கவிட்டிருக்கிற ரெண்டுக்குள்ளயும் இருக்கிறது அதே சங்கதிதான். ஒரு காந்தம், அதைச் சுத்தித் தலைமயிரை விட மெல்லிய செப்புக் கம்பி, மேல இரும்புத் தந்தி. தந்தி ஆட, காந்தப்புலம் ஆடுது, சுருளில மின் பிறக்குது. இந்தக் காந்தமும் சுருளும் சேர்ந்ததைத்தான் பிக்கப் எண்டுறது. ஸ்ட்ராட்டோகாஸ்டரில, சுருக்கமா ஸ்ட்ராட்டில, மூண்டு பிக்கப், ஒவ்வொண்டுக்கும் ஒரு சுருள். லெஸ் போலில ரெண்டு பிக்கப், ஒவ்வொண்டுக்கும் ரெண்டு சுருள்.

ஒத்தைச் சுருளில ஒரு கரைச்சல் இருக்கு. அது தந்தியோட நிக்காமல் ரியூப் லைற், ஃபான் ரெகுலேற்றர், சுவருக்குள்ள போற வயர் எல்லாத்துக்கும் காது குடுக்கும். எங்கட 50 ஹேர்ட்ஸ் கரண்டின்ர 'ம்ம்ம்' எண்ட இரைச்சல் அடியில ஓடிக்கொண்டே இருக்கும். இதுக்கு மருந்து கண்டது, லெஸ் போலைச் செய்யிற கிப்சன் கொம்பனியில இருந்த செத் லவர். ஒரு சுருளுக்கு மற்றச் சுருளை எதிர்ப்பக்கமா இணைச்சு, காந்தத்தையும் மாத்தி வைச்சார். வெளியால வாற இரைச்சல் ரெண்டு சுருளிலயும் எதிரெதிரா வந்து ஒண்டையொண்டு வெட்டிப்போடும். தந்தியின்ர சத்தம் ரெண்டு தரம் திரும்புறதால ஒண்டோடொண்டு கூடி வரும். மைனஸை மைனஸால பெருக்கினால் பிளஸ் எண்டு எத்தினை வருசம் கரும்பலகையில எழுதினன்! அந்தக் கணக்கைக் காதால கேக்கலாம் எண்டு விளங்கினபோது எனக்கு உண்மையாப் புல்லரிச்சுது. 1957இல இருந்து லெஸ் போலுக்குப் பெரும்பாலும் இந்தப் பிக்கப்தான்.

அடுத்தது தந்தியின்ர நீளம். ஸ்ட்ராட்டில 25.5 அங்குலம், லெஸ் போலில 24.75. முக்கால் அங்குலத்தில என்ன கிடக்கு எண்டு நினைப்பாய். அதே தந்தியை அதே சுருதிக்குக் கட்டினால் இழுவிசை நீளத்தின்ர வர்க்கத்துக்கு ஏத்த மாதிரிப் போகும். வகுத்துப் பார், ஸ்ட்ராட்டில ஏறக்குறைய 6 வீதம் கூட வருது. என்ர விரலுக்கு இந்த 6 வீதம் பெரிசு. தோடியில காந்தாரத்தை அசைக்க வேணுமெண்டால் தந்தியை இழுத்து இழுத்து விட வேணும். லெஸ் போலில அது வெண்ணெய் மாதிரிப் போகுது. ஸ்ட்ராட்டில மோதிரவிரல் கொஞ்சம் மல்லுக்கட்டுது.

இதெல்லாம் எனக்குக் கைப்பட விளங்கினது போன ஞாயிற்றுக்கிழமைதான். ஒலிபெருக்கி வாடகைக்குக் குடுக்கிற பெடியன் ஒருத்தனிட்ட ஸ்ட்ராட் மாதிரியில ஸ்குவையர் எண்ட பேரில வாற கிற்றார் ஒண்டு இருக்கு. கோயில் பாடகர் குழுவில வாசிக்கிற இன்னொரு பெடியனிட்ட எபிஃபோன் எண்ட பேரில வாற லெஸ் போல். ரெண்டு பேரையும் பின்னேரம் வீட்டுக்குக் கூப்பிட்டு, தேத்தண்ணியும் வடையும் குடுத்து, சத்தத்தைப் பெருக்கிற ஒரே அம்ப்பில மாத்தி மாத்திக் குத்தி வாசிச்சன். விறாந்தையில முழுசா ரெண்டு மணித்தியாலம்.

லெஸ் போலை முதல் எடுத்தன். தோளில பாரம் தெரிஞ்சுது. மஹோகனிக் கட்டை, மேல மேப்பிள் பலகை. பாரம்தான், ஆனால் ஒரு சுரத்தைப் பிடிச்சு விட்டால் அது நிக்குது மச்சான்! நாதஸ்வரக்காரன் மூச்சு விடாமல் ஒரே சுரத்தில நிப்பானே, அந்த மாதிரி. கழுத்துப் பக்கப் பிக்கப்பில கரகரப்பிரியாவை மெல்ல ஏறி இறங்கினன். இவ குசினியால எட்டிப் பாத்து, "ஆர் வாசிக்கிறது?" எண்டு கேட்டவ. அந்தக் கேள்வி எனக்குப் போதும். அந்த நேரத்தில என்னைக் கேட்டிருந்தால் லெஸ் போலைக் கொண்டு வா எண்டு அப்பவே எழுதியிருப்பன்.

பிறகு ஸ்ட்ராட். மூண்டு பிக்கப்பில நடுவுக்கும் கழுத்துப் பக்கத்துக்கும் இடையில சுவிச்சை விட்டால் ஒரு சத்தம் வருது. அதுக்கு நல்ல தமிழ்ச் சொல் ஒண்டு தேடிப் பாத்தன், கிடைக்கேல்லை. கிணத்தடியில வெறும் வாளியை விரலால சுண்டினால் ஒரு கணீர் வருமே, அதுக்குக் கிட்ட. வீணையில மீட்டுற நகத்தின்ர சத்தம் தனியாக் கேக்குமே, அது இதிலயும் கேக்குது. பிழையாப் பிடிச்சால் பிழையும் அப்பட்டமாக் கேக்கும். ஒரு குறையும் கண்டன். தந்தியைத் தாங்குற பாலத்துக்குப் பின்னால ஸ்பிரிங் இருக்கிறதால ஒரு தந்தியை இழுக்க மற்றத் தந்தியெல்லாம் சுருதி இறங்குது. சுரத்தை அசைச்சுக் கமகம் வாசிக்கிறவனுக்கு இது பெரிய தொல்லை. ஆனால் வழி இருக்கு. இங்கிலாந்துக் கிற்றார்க்காரர் எரிக் கிளாப்டன் ஸ்ட்ராட்டில அஞ்சு ஸ்பிரிங்கும் போட்டு, ஒரு மரத்துண்டால அந்தப் பாலத்தை அசையாமல் அடைச்சு வைச்சுத்தான் வாசிக்கிறவர். அந்த மனுசனே 1966இல லெஸ் போலால பேர் எடுத்து, பிறகு ஸ்ட்ராட்டுக்கு மாறினவர்.

இந்த நேரத்திலதான் பேத்தி ரியூசன் முடிஞ்சு வந்தாள். ஒரு தேவாரம் பாடு எண்டு சொல்லி, லெஸ் போலால பின்னணி குடுத்தன். பாடினாள். ரெண்டாவது அடியில குரலை உசத்தினாள், மூண்டாவதில இன்னும் உசத்தினாள், கழுத்து நரம்பு தெரியுது. நான் சத்தத்தைக் குறைச்சன். குறைச்சும் சரிவரேல்லை. லெஸ் போலின்ர சத்தம் தடிச்சது, அது வந்து இருக்கிற இடம் மனுசக் குரல் இருக்கிற அதே இடம். ஸ்ட்ராட்டுக்கு மாறினன், அம்ப்பில ஒண்டையும் தொடேல்லை. அவள் குரலைத் தாழ்த்தினாள். பாட்டு முடிய, "அம்மப்பா, இப்ப என்ர குரல் எனக்குக் கேக்குது" எண்டாள்.

நான் எப்பவும் பின்னுக்கு நிண்டு வாசிச்சவன்தானே மச்சான். பொப்பிசைக் காலத்தில நித்தி கனகரத்தினத்தின்ர பாட்டுகளை நீ முன்னுக்கு நிண்டு பாடேக்கயும், நான் மூண்டு நாலு கோர்ட்டோட பின்னால நிண்டனான். அதில எனக்கு ஒரு மனக்குறையும் இருந்ததில்லை. பாடுற ஆளுக்கு இடம் விட்டு வாசிக்கிறதுதான் எனக்குத் தெரிஞ்ச வேலை, பிடிச்ச வேலையும் அதுதான். தனிய இருந்து வாசிக்கிறதெண்டால் லெஸ் போல்தான். ஆனால் நான் தனிய இருந்து வாசிக்கப் போறதில்லை.

அதால, ஸ்ட்ராட்டைக் கொண்டு வா.

இன்னொரு காரணமும் இருக்கு. அந்த எபிஃபோனைத் திருப்பிக் குடுக்க முதல் துடைச்சனான். தலைக்குப் பின்னால, கழுத்து தொடங்குற இடத்தில, பெருவிரலுக்கு ஒரு வரம்பு தட்டுப்பட்டுது. கேட்டன். ஸ்ராண்டோட சரிஞ்சு விழுந்து முறிஞ்சதாம், ஒட்டினதாம். கிப்சன் லெஸ் போலிலயும் அந்த இடம்தான் பலவீனம். தலை 17 பாகை பின்னுக்குச் சரிஞ்சு நிக்கும், கழுத்துக்குள்ள இரும்புக்கோல் போகக் குடைஞ்ச பள்ளமும் அதிலதான் வந்து முடியும். கழுத்தை உடம்போட பசை போட்டு ஒட்டியும் விட்டிருக்கிறாங்கள். சூட்கேசுகளுக்கு நடுவில அது ரொறன்ரோவில இருந்து கட்டுநாயக்கா வந்து, பிறகு இராப் பஸ்ஸில யாழ்ப்பாணம் வந்து சேரும் எண்டு நினைக்க எனக்குப் பயமாக் கிடக்கு.

ஸ்ட்ராட்டைச் செய்த லியோ ஃபெண்டர், கலிபோர்னியாவில ஃபுலர்ட்டன் எண்ட ஊரில ரேடியோ திருத்தினவர். கிற்றார் வாசிக்கவே தெரியாத மனுசன். 1954இல ஸ்ட்ராட்டை விடேக்க, கழுத்தை நாலு ஸ்க்ரூவால பூட்டி விட்டார். பழுதானதைக் கழட்டிப் புதுசு போடு, முழுசையும் எறியாத எண்ட திருத்துறவன்ர புத்தி அது. வயர் இல்லாமல், சாமான் இல்லாமல், கிடைச்சதை வைச்சுத் திருத்திச் சீவிச்ச எங்களுக்கு அந்த மனுசனை விளங்காமல் போகுமே? இஞ்ச கிற்றார் திருத்துற ஆளைத் தேடி நான் கொழும்புக்கு ஓடத் தேவையில்லை. ஸ்க்ரூ ட்ரைவரும் ஈயப்பத்து வைக்கிற கருவியும் என்னட்ட இருக்கு.

இரைச்சலைப் பற்றி யோசிக்காத. உன்ர ஸ்ட்ராட்டில சுவிச்சை ரெண்டாம் இடத்திலயும் நாலாம் இடத்திலயும் விட்டுப் பார். இரைச்சல் குறைஞ்சால் நடுப் பிக்கப் எதிர்ப்பக்கமாச் சுத்தினது எண்டு அர்த்தம், செத் லவரின்ர அதே கணக்கு. குறையாட்டிலும் பரவாயில்லை, ரியூப் லைற்றை நூர்த்துப்போட்டு வாசிக்கிறன்.

இனிக் கொஞ்சம் சாமான் கணக்கு. உன்ர அம்ப்பைத் தூக்கிக்கொண்டு வந்திடாத. அது 120 வோல்ற்றுக்குச் செய்தது, இஞ்ச 230, குத்தின உடனேயே புகைஞ்சு போகும். தந்தி 9 தொடக்கம் 42 வரை தடிப்புள்ள செற் நாலைஞ்சு கொண்டு வா, மேல பூச்சுப் பூசினதா இருந்தால் நல்லம். கடல்காத்துக்குச் சாதாரணத் தந்தி கெதியாக் கறள் பிடிக்குது. பாலத்துக்கு அஞ்சு ஸ்பிரிங்கும் போட வேணும், மிச்ச ரெண்டு உன்ர லாச்சிக்குள்ள எங்கயாவது கிடக்கும், தேடு. பாலத்துச் சேணத்துக்குப் போடுற அந்தச் சின்ன அலன் கீயையும் மறக்காத. மரத்துண்டு நான் இஞ்ச சீவி வைக்கிறன், வேலிப் பூவரசில நல்ல காய்ஞ்ச கொப்பு ஒண்டு இருக்கு. கிற்றார் வந்த கையோட கழுத்துக்குள்ள இருக்கிற இரும்புக்கோலைத் திருக வேண்டாம். உங்கட வறண்ட வீட்டுக்குள்ள இருந்த மரம், ரெண்டு மூண்டு கிழமை எங்கட ஈரக்காத்தைக் குடிச்சு ஆறட்டும்.

கழுத்தைக் கழட்டி உடுப்புக்குள்ள சுத்தி வை. உடம்பு தனிய சூட்கேசுக்குள்ள கிடக்கும். கழட்டேக்க கழுத்துப் பள்ளத்துக்குள்ள மெல்லிய மட்டைத் துண்டு ஒண்டு இருந்தால் குப்பையெண்டு நினைச்சு எறிஞ்சு போடாத. கழுத்தின்ர சாய்வுக்கு வைச்ச ஆப்பு அது. ஸ்க்ரூ நாலையும் ஒரு வெறும் மருந்துப் போத்தலுக்குள்ள போட்டு, கைப்பையில உன்னோடயே வைச்சுக்கொள்.

இவவும் பேத்தியும் சுகம் கேட்டவை.

உன்ர கூட்டாளி
யாழ்ப்பாணம்