‘பெண்களுக்கு ஏற்ற துறை’ என்று யார் சொன்னது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் உயர்கல்வி கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி எழுதியிருந்தார். சமூக உளவியலில் முனைவர் பட்டம் செய்ய ஆசை, பாலின ஸ்டீரியோடைப்கள், அதாவது ஆண்-பெண் பற்றிய முன்முடிவுகள், பற்றி ஆராய விருப்பம், எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தார். உங்கள் நிபுணர் தந்த பதில்: “நல்ல தேர்வு. பெண்களுக்கு இயல்பாகவே பொருந்தும் மென்மையான துறை. கணக்குத் தொல்லையும் கிடையாது. வீட்டிலிருந்தபடியே முடித்துவிடலாம்.”

கிட்டத்தட்ட அதே தலைப்பில் பிஎச்டி செய்துகொண்டிருப்பவள் நான். பாலின முன்முடிவு என்றால் என்ன என்று இளநிலை மாணவர்களுக்கு விளக்க இனி உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. அதற்கு முதலில் நன்றி.

கணக்குத் தொல்லை கிடையாதாம். என் வேலை நேரத்தில் பெரும்பகுதி எண்களோடுதான் போகிறது. கேள்வித்தாளில் சில கேள்விகளை வேண்டுமென்றே எதிர்த்திசையில் எழுதியிருப்போம். விடைகளைக் கணினியில் ஏற்றும்போது அவற்றின் மதிப்பெண்ணைத் திருப்பிப் போட மறந்தால், பெண்களை மட்டம் தட்டுகிறவர் சமத்துவவாதியாக மாறிவிடுவார். பொறுமை இல்லாத ஆள் மேலிருந்து கீழ்வரை நடு எண்ணையே வட்டமிட்டுத் தந்திருப்பார். அவரைச் சேர்ப்பதா நீக்குவதா என்பதற்கு, தாளைப் பார்க்கும் முன்பே விதி எழுதி வைத்திருக்க வேண்டும். எத்தனை பேரைக் கேட்டால் போதும் என்பதே தனிக் கணக்கு. 2015-ல் உளவியல் ஆய்வுகள் 100-ஐத் திரும்பச் செய்து பார்த்தார்கள். அவற்றில் 36 சதவீதத்தில்தான் புள்ளியியல்படி நிற்கும் முடிவு மறுபடி கிடைத்தது. அதன் பிறகு எங்கள் துறையில் புள்ளியியல் தெரியாமல் காலம் தள்ள முடியாது.

என் தலைப்புக்குள்ளேயே ஒன்று சொல்கிறேன். ‘கணக்கில் பெண்கள் மட்டம்’ என்ற எண்ணத்தின் நிழல் விழுந்தாலே பெண்களின் மதிப்பெண் குறைகிறது என்று ஸ்பென்சர், ஸ்டீல், க்வின் மூவரும் 1999-ல் வெளியிட்ட ஆய்வு பாடப்புத்தகம் வரை போனது. 2018-ல் நெதர்லாந்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களை வைத்துச் சோதித்தபோது அந்த விளைவு தென்படவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அந்த 1999 முடிவுதான். ஆனாலும் என் ஆய்வின் முதல் அத்தியாயத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் எழுத வேண்டும். இதுதான் மென்மையான துறை என்றால் கடினமான துறையை நான் பார்க்கவே வேண்டாம்.

பாராட்டித்தானே சொன்னோம் என்பீர்கள். அதையும் அளந்து வைத்திருக்கிறார்கள். 1996-ல் கிளிக், ஃபிஸ்க் என்ற உளவியலாளர்கள் இருவரும் 22 வாக்கியங்கள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். பெண்களைப் பற்றிய முன்முடிவில் வெறுப்போடு வருவது ஒரு வகை, அன்போடு வருவது இன்னொரு வகை என்பதுதான் அதன் அடிப்படை. இரண்டாவது வகையில் ஒரு வசதி உண்டு. எதிர்த்துப் பேசினால் பேசியவள்தான் கெட்டவள் ஆவாள்.

பதில் எழுதிய நிபுணரும் பெண்தான் என்று படத்தைப் பார்த்தால் தெரிகிறது. அதனால் சலுகை கிடையாது. 2012-ல் அமெரிக்காவில் 127 அறிவியல் பேராசிரியர்களிடம் ஒரே விண்ணப்பத்தைச் சிலருக்கு ஆண் பெயரிலும் சிலருக்குப் பெண் பெயரிலும் கொடுத்தார்கள். ஆண் பெயருக்கே திறமை மதிப்பெண்ணும் சம்பளமும் கூடுதலாகக் கிடைத்தன. பெண் பேராசிரியர்களும் அதே தவற்றைத்தான் செய்தார்கள்.

‘இயல்பாகவே பொருந்தும்’ துறையின் வரலாறு உங்களுக்குத் தெரியாததல்ல. மேரி விட்டன் கால்கின்ஸ் 1895-ல் ஹார்வர்டில் முனைவர் பட்டத்துக்கான எல்லாவற்றையும் முடித்தார். தேர்வாளர்கள் பரிந்துரைத்தும் பெண் என்பதற்காகப் பட்டம் தர மறுத்துவிட்டார்கள். 1905-ல் அவர் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார், பட்டம் இல்லாமலே. மாதவிடாய் நாட்களில் பெண்களின் திறன் குறைகிறது என்ற நம்பிக்கையை உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த் தன் முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். தொடர்ந்து சோதித்து அளந்து, குறையவில்லை என்று 1914-ல் எழுதினார். அதற்குப் பிறகும் நாம் ‘இயல்பு’ என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

என் ஆய்வு முன்மொழிவைத் துறைக் கூட்டத்தில் வைத்த அன்று ஒரு மூத்த பேராசிரியர் கேட்ட முதல் கேள்வி, “இதுல உனக்குச் சொந்த அனுபவம் ஏதாவது இருக்காம்மா?” எத்தனை பேரை ஆராயப் போகிறேன் என்ற மாதிரி அளவைப் பற்றி ஒரு கேள்வி இல்லை, அளவுகோலைப் பற்றி இல்லை. அடுத்த கூட்டத்தில் ஓர் ஆண் நண்பர், குழந்தையை வளர்க்கும் தந்தைகளைப் பற்றிய முன்முடிவுகளைத் தலைப்பாகக் கொண்டுவந்தார். சமூக அக்கறை உள்ள தலைப்பு என்று தட்டிக்கொடுத்தார்கள். நான் ஆராய்ந்தால் ஆதங்கம், அவர் ஆராய்ந்தால் அக்கறை. கூட்டக் குறிப்பு எழுதும் நோட்டு மட்டும் இரண்டு தடவையும் என் பக்கமே நகர்ந்து வந்தது. என் கையெழுத்து அழகாம்.

சரி, உங்கள் பத்திரிகைக்கே வருகிறேன். ‘ஆண் மூளை, பெண் மூளை’ என்று அட்டைப்படக் கட்டுரை போட்டீர்களே, அப்போதும் எழுதினேன். உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005-ல், பல ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்து அளக்கும் தொகுப்பாய்வுகள் 46-ஐப் பார்த்து, ஆண்-பெண் உளவியல் வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை என்று காட்டியதைக் குறிப்பிட்டிருந்தேன். கடிதம் அச்சில் வந்தது. ஹைடும் போயிருந்தார், 78-உம் போயிருந்தது. ‘சுவாரசியமான கட்டுரை’ என்று மரியாதைக்கு நான் போட்ட முதல் வரி மட்டும் பத்திரமாக இருந்தது. அப்புறம் மகளிர் சிறப்பிதழ். ஒரு விஞ்ஞானியிடம் கேட்ட முதல் கேள்வியே வீட்டையும் ஆய்வையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்பது. அதற்கடுத்த இதழில் பேட்டி தந்த ஆண் விஞ்ஞானிக்கு வீடே இல்லை போலும்.

அந்த வாசகியை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். உங்கள் பதிலை நம்பி, புள்ளியியலைத் தொடாமல் அவர் நேர்காணலுக்குப் போய் நின்றால், முதல் பத்து நிமிடத்திலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பார்த்தீர்களா, பெண்களுக்குக் கணக்கு வராது என்று அங்கேயும் யாராவது சொல்வார்கள். வீட்டிலிருந்தபடியே முடிப்பது பற்றி ஒன்றுதான் சொல்லலாம்: ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் பங்கேற்பாளர்களும் வாய்மொழித் தேர்வாளர்களும் நம் வீடு தேடி வருவதில்லை.

ஆகவே அடுத்த இதழில் சில வரிகள் போடுங்கள், போதும். புள்ளியியலும் ஆய்வு வடிவமைப்பும் முதலில் படிக்க வேண்டும். ‘ஆர்’ போன்ற ஒரு புள்ளியியல் மென்பொருளாவது கைவர வேண்டும். பாலின முன்முடிவு என்ற பெரிய தலைப்பை, வேலைக்கு ஆள் எடுப்பதிலா, வகுப்பறையிலா, ஆண்களைப் பற்றியதா என்று ஒரே கேள்வியாகச் சுருக்கிக்கொள்ள வேண்டும். நெறியாளர் ஆகப்போகிறவரின் அண்மைக் கட்டுரைகளை வாசித்துவிட்டு அவருக்கு எழுத வேண்டும். இதற்கு இடம் இல்லை என்றால், ‘கணக்குத் தொல்லையும் கிடையாது’ என்ற வரியை மட்டுமாவது திரும்பப் பெறுங்கள்.

பெயரை வெளியிட வேண்டாம். என் நெறியாளரும் உங்கள் வாசகர். கடிதம் நீளம் என்று வெட்டுவதானால், இந்த முறை எண்களை விட்டுவிட்டு மரியாதைச் சொற்களில் கை வையுங்கள்.

இப்படிக்கு,
சமூக உளவியல் ஆய்வு மாணவி